தோடர் கோயில் முகப்பிலும் ஈமப் பானை மூடியிலும் எருமை: எப்படிப் பொருள் கொள்வது?

மலைத்தும்பை (கோத்தகிரி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். நீலகிரியின் பழைய உருவங்களைப் பார்த்து எங்கள் மாணவர்கள் வரைந்த படங்களைக் கண்காட்சியாக வைக்க இருக்கிறோம். ஒவ்வொரு படத்தின் கீழும் ஐந்தாறு வரிகளில் விளக்க அட்டை எழுதும் பொறுப்பு என்னுடையது. அதில்தான் ஒரு சிக்கலில் நிற்கிறேன்.

படங்கள் நான்கு. முதலாவது, உதகை தாவரவியல் பூங்காவிற்கு மேலே, எருமை வளர்க்கும் நீலகிரிப் பழங்குடியினரான தோடரின் மந்தில் (குடியிருப்பில்) அரைவட்டக் கூரையுடன் நிற்கும் கோயிலின் முகப்பு. அதில் எருமைத் தலையும் சூரியனும் சந்திரனும் செதுக்கப்பட்டுள்ளன. இரண்டாவது, தோடர் அணியும் பூத்துக்குளிப் போர்வையின் ஓரப் பட்டையில் சிவப்பும் கறுப்புமாக வரும் கொம்பு வடிவம். மூன்றாவது, மலையுச்சியில் உள்ள கல்வட்டங்களை, அதாவது கல் அடுக்கிய பழைய ஈமக் குழிகளைத் தோண்டி எடுத்து, இன்று இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஈமப் பானை ஒன்றின் மூடி. அதன்மேல் மண்ணால் செய்த எருமை நிற்கிறது, கழுத்தில் மணி தொங்குகிறது. நான்காவது, நீலகிரியின் கரிக்கியூர்ப் பாறை ஓவியத்தில் மனிதர்கள் காளைகளைத் துரத்தும் காட்சி.

முன்னோட்டமாகப் படங்களைப் பார்க்க வந்த பெரியவர் ஒருவர், எருமை என்றாலே யமனின் வாகனம், ஆகையால் எருமை வரும் முதல் மூன்று படங்களுமே மரணத்தைக் குறிக்கின்றன என்று எழுதச் சொன்னார். சக ஆசிரியர் ஒருவரோ வலிமை, வளமை, பொறுமை என்று மூன்று சொற்களை எழுதி முடித்துவிடலாம் என்கிறார். இரண்டுமே எனக்கு மனநிறைவு தரவில்லை. உழைக்கும் ஒரு விலங்கு கல்லிலும் துணியிலும் மண்ணிலும் ஏறும்போது அதற்கு என்ன பொருள் என்பதை எந்த அடிப்படையில் முடிவு செய்வது? குழந்தைகள் படிக்கப்போகும் அட்டை என்பதால் தவறாக எழுத மனம் ஒப்பவில்லை. அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

குந்தாமேடு (உதகை) எழுதியது:

அம்மா, உங்கள் தயக்கம் மிகவும் நியாயமானது. ஓர் உருவத்திற்குப் பொருள் தேடும்போது புராணத்தைப் புரட்டுவதற்கு முன், அந்த விலங்கு அந்த மக்களுக்கு என்ன வேலை செய்தது, அந்த வேலையை யார் செய்வித்தார்கள், அதன் பயன் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்பதே முறை என்பது என் கருத்து. இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் உருவத்தின் பொருளில் பாதி தானே விளங்கிவிடும்.

தோடர் எருமை ஏர் இழுப்பதில்லை, வண்டி இழுப்பதில்லை, மூட்டை சுமப்பதும் இல்லை. அதன் வேலை பால் தருவது ஒன்றுதான். அந்தப் பாலைக் கறப்பதும், மூங்கில் கலத்தில் எடுத்துச் செல்வதும், கடைந்து வெண்ணெயும் மோரும் ஆக்குவதும் ஆண்களின் பொறுப்பு. நீங்கள் கோயில் என்று எழுதியிருக்கும் கட்டடம் உண்மையில் ஒரு பால்மனை. புனித மந்தையின் பால் அங்கேதான் கடையப்படுகிறது. நியமம் பூண்ட பூசாரி ஒருவரே உள்ளறைக்குள் நுழைய முடியும். பெண்கள் அதன் அருகே செல்வதில்லை. வெளியே தொழுவம், உள்ளே மத்தும் கலங்களும், சுற்றிலும் புல்வெளி. வழிபாடும் வேலையும் அங்கே ஒன்றேதான். ஆகவே முகப்பில் செதுக்கிய எருமைத் தலையைக் கருவறைத் தெய்வத்தின் வாகனம்போல எண்ணுவது பொருந்தாது. உள்ளே நடக்கும் வேலைக்கு ஆதாரமான உயிரே வாசலில் இருக்கிறது.

யமன் வாகனம் என்ற விளக்கம் சமவெளியிலிருந்து மேலே ஏறி வந்தது. இங்கிருந்து வடக்கே இறங்கினால் மைசூரில் சாமுண்டி மலை. அங்கே எருமை மகிஷாசுரனாகக் காலடியில் கிடக்கிறது. அந்த மரபு அங்கு உண்மை. ஆனால் தோடர் சொல்லும் படைப்புக் கதை முற்றிலும் வேறு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மக்களிடையே இருந்து ஆய்வு செய்து 1906இல் நூலாக வெளியிட்ட மானிடவியலாளர் ரிவர்ஸ் அதைப் பதிந்திருக்கிறார். ஆன் என்ற தெய்வம் குந்தா மலைகளின் மேல் நின்று மண்ணுக்குள்ளிருந்து எருமைகளை வெளிக்கொணர்ந்தது; 1600 எருமைகள் வந்தன; கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதன் வெளியே வந்தான்; அவனே முதல் தோடன். இந்தக் கதையில் எருமை மனிதனுக்காகப் படைக்கப்படவில்லை. எருமைதான் முதலில் வருகிறது. மனிதன் அதன் வாலைப் பற்றி உலகத்துக்கு வருகிறான். இப்படி ஒரு கதையைச் சொல்லும் மக்களின் கலையில் எருமைக்கு அசுரன் என்ற பொருளை ஏற்றுவது அநீதி என்றே சொல்வேன்.

மரணத்தோடு அதற்குத் தொடர்பே இல்லையா என்றால், ஆழமான தொடர்பு உண்டு. உங்கள் பெரியவர் சொன்ன வகையில் அல்ல. தோடர் ஈமச் சடங்கில் எருமையைப் பிடித்துவந்து, இறந்தவரின் கையை அதன் கொம்பின்மேல் வைக்கும் வழக்கம் இருந்திருக்கிறது. முற்காலத்தில் பல எருமைகள் கொல்லப்பட்டன. ஆங்கிலேய அரசு இறந்தவர் ஒருவருக்கு இரண்டு என்று கட்டுப்படுத்தியது. அந்த எருமை இறந்தவரோடு மறுஉலகுக்குப் போகிறது என்பது நம்பிக்கை. ஏன் போகிறது? அங்கேயும் அவருக்குப் பால் வேண்டும் என்பதற்காக! உயிரைக் கவர்ந்து செல்ல வரும் யமனின் வாகனத்துக்கும், இறந்த பிறகும் தன்னை வளர்த்தவருக்குப் பால் கொடுக்க உடன் செல்லும் எருமைக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். சாவுக்குப் பின்னும் அதன் வேலை மாறவில்லை.

உடல் வடிவத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சங்கப் பாடல்களில் எருமை மருத நிலத்துக்கு உரியது. குளத்தில் கிடந்து தாமரையை மேயும் சாதுவான விலங்கு. தோடர் எருமை அப்படிப்பட்டதன்று. பகல் முழுதும் மேய்ச்சலில் தன்போக்கில் திரியும். அறியாதவர் நெருங்கினால் தலையைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்து வரும். கொம்புகள் தலையின் இரு பக்கமும் அகன்று விரிந்து, சற்றுத் தாழ்ந்து, நுனியில் மேல்நோக்கி வளைந்து பிறைபோல் நிற்கும். முகப்புச் சிற்பத்தில் உடலை விட்டுவிட்டுத் தலையையும் கொம்பையும் மட்டும் செதுக்கியிருப்பதற்குக் காரணம், மந்தையை மூடுபனிக்குள் தொலைவிலிருந்து பார்த்தவர்களுக்குத் தானே விளங்கும்: முதலில் தெரிவது கொம்புதான். பொறுமை என்ற சொல்லை அட்டையில் தயவுசெய்து எழுதாதீர்கள். அது இந்த எருமையின் குணமே அல்ல.

சூரிய சந்திரர் அருகில் இருப்பதைப் பற்றிச் சுருக்கமாக: சூரிய சந்திரர் உள்ளளவும் இது நிலைக்கட்டும் என்று சொல்வதற்கு நடுகல்லிலும் கொடைக் கல்வெட்டிலும் இவை இரண்டையும் செதுக்கும் வழக்கம் தென்னாட்டில் பரவலானது. தோடர் முகப்பிலும் அதே பொருள்தான் என்று நான் உறுதியாகச் சொல்லமாட்டேன். ஆனால் மந்தையும் பால்மனையும் நிலைக்க வேண்டும் என்ற விருப்பத்தோடு அந்தப் பொருள் முரண்படவில்லை.

ஊசிநூல் (குன்னூர்) எழுதியது:

குந்தாமேடு ஐயா எழுதியதை முழுமையாக வரவேற்கிறேன். ஆயினும் அது கோயில் முகப்புக்குத்தான் பொருந்தும். பூத்துக்குளிக்கு அதை அப்படியே நீட்ட முடியாது. தோடர் பெண்களின் பூவேலையை வாங்கி விற்கும் பணியில் இருப்பவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

பூவேலை முழுக்கப் பெண்களின் கலை. மேலே ஐயா சொன்னபடி பால்மனையின் அருகே செல்லாதவர்களும், புனித மந்தையைக் கறக்காதவர்களும் அதே பெண்கள்தான். ஆக, கொம்பைத் துணியில் வைக்கும் கை, கலத்தைத் தொடும் கை அல்ல. இதை நான் ஒரு குறையாகச் சொல்லவில்லை. ஒரே விலங்கை ஒரு சமூகத்தின் ஆண்கள் ஓர் இடத்திலிருந்தும் பெண்கள் இன்னோர் இடத்திலிருந்தும் பார்க்கிறார்கள் என்பதை அட்டை எழுதுபவர் மறக்கக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று ஒருமுறை உற்றுப் பார்த்தால் இன்னும் விளங்கும். முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியை மடியில் விரித்து, பென்சில் கோடோ அச்சோ எதுவும் இல்லாமல், துணியின் நூலிழைகளை விரலால் எண்ணி எண்ணி ஊசியை நுழைப்பார்கள். இத்தனை இழைக்கு மேலே, இத்தனை இழைக்குக் கீழே என்று அந்த எண்ணிக்கை கையிலேயே இருக்கும். ஓர் இழை தவறினால் நான்கு வரிசை தள்ளி வடிவம் கோணிப்போகும், உடனே பிரித்துவிடுவார்கள். இழையெண்ணித் தைப்பதால் வளைகோடு வராது. எல்லாம் படிக்கட்டும் கூம்புமாகவே வரும். பிறைபோல் வளைந்த கொம்பு துணியில் ஏறும்போது கோணங்களாக மாறுவது இதனால்தான். ஊசியைத் தளர்வாக இழுப்பதால் பின்பக்கத்தில் நூல் புடைத்து மேடாக நிற்கும். அந்தப் பக்கத்தையே வெளியே தெரியும்படி போர்த்துவார்கள்.

கண்காட்சி அட்டைகளில் எனக்கு வருத்தம் தரும் ஒன்று உண்டு. துணியில் முக்கோணம் வந்தால் மலை, கட்டம் வந்தால் மந்து, வளைவு வந்தால் கொம்பு என்று பார்ப்பவர்களே பெயர் சூட்டிவிடுகிறார்கள். தைத்தவரைக் கேட்டால் சில வடிவங்களுக்கு எருமைக் கொம்பு என்றும், சிலவற்றுக்குப் பூ அல்லது பூச்சியின் பெயரும் சொல்வார்கள். சிலவற்றைப் பற்றி, என் தாய் இப்படித் தைத்தாள், நானும் தைக்கிறேன் என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்த மூன்றாவது விடையையும் மதிக்க வேண்டும். உங்கள் மாணவர் வரைந்த பட்டையில் இருப்பது கொம்புதான் என்று தைத்தவரோ அவர் உறவினரோ சொல்லியிருந்தால் மட்டும் எழுதுங்கள். இல்லையேல் வடிவத்தை விவரித்து விட்டுவிடுங்கள்.

மேலும் ஒன்று. தோடர் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பின் கைப்பை, மேசை விரிப்பு, அலைபேசி உறை என்று இந்த வடிவங்கள் பல பொருள்களில் ஏறியுள்ளன. பெண்களுக்கு வருமானம் வருவதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் பூத்துக்குளி, விழாவில் போர்த்துவதும் இறந்தவரின் உடலைப் போர்த்துவதுமான துணி. மேசை விரிப்பில் உள்ள கொம்புக்கும் ஈமப் போர்வையில் உள்ள கொம்புக்கும் வடிவம் ஒன்றாக இருந்தாலும் பொருளின் கனம் ஒன்றாகாது. எந்தப் பொருளின்மேல் இருந்த வடிவத்தை மாணவர் வரைந்தார் என்பதை அட்டையின் முதல் வரியிலேயே குறிப்பிட வேண்டுகிறேன்.

கல்வட்டம் (கோவை) எழுதியது:

மூன்றாவது படத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இங்கே மிகுந்த எச்சரிக்கை தேவை.

நீலகிரிக் கல்வட்டங்களிலிருந்து கிடைத்த பானை மூடிகளின் பெரும் தொகுதியைச் சேர்த்தவர், நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்து 1872இல் மறைந்த பிரீக்ஸ். அவர் எழுதியது அடுத்த ஆண்டே நூலாக வெளிவந்தது. அந்த மூடிகளில் அதிகமாகக் காணப்படுவது எருமை. அதன் அகன்ற கொம்பைப் பார்த்தவுடன் தோடர் எருமை என்றே சொல்லத் தோன்றும். கழுத்து மணியும் அந்த எண்ணத்தை வலுப்படுத்துகிறது. ஏனெனில் உயர்நிலைப் பால்மனைகள் சிலவற்றில் பழைய மணிகளைப் புனிதமாகப் போற்றி அவற்றுக்குப் பாலும் தயிரும் இட்டதை ரிவர்ஸ் விவரித்திருக்கிறார். பிரீக்ஸ் இந்தக் கல்வட்டங்களைத் தோடரின் முன்னோர் உடையவை என்று கருதியதற்கு இவையெல்லாம் காரணமாக இருந்தன.

ஆனால் அதே தொகுதியில் குதிரைமேல் அமர்ந்த வீரர்கள் இருக்கிறார்கள்; யானை, மயில், சிறுத்தை, நாய் இருக்கின்றன. கல்வட்டங்களுக்குள் இரும்பு ஆயுதங்களும் மிக நேர்த்தியான வெண்கலக் கிண்ணங்களும் கிடைத்தன. தோடர் குதிரை வளர்த்தவர்கள் அல்லர், பானை வனைந்தவர்களும் அல்லர். அவர்களுக்குப் பானை செய்து கொடுத்தவர்கள் இதே மலையின் இன்னொரு பழங்குடியினரான கோத்தர். ஆகவே மூடியின்மேல் எருமையை வைத்தவர்கள் யார் என்பதை எருமையை மட்டும் சான்றாகக் கொண்டு தீர்க்க முடியாது. குந்தாமேடு ஐயா கொடுத்த அழகான விளக்கத்தை, அதாவது மறுஉலகிலும் பால் தரும் எருமை என்பதை, இந்த மூடிக்கும் பொருத்திவிட வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆசைக்காகப் பொருத்தக்கூடாது.

உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. அதுவும் சிறிய செய்தியல்ல. கழுத்தில் மணி இருப்பதால் அது காட்டெருமை அல்ல, வளர்ப்பு எருமை. யாரோ ஒருவர் அதற்கு மணி கட்டினார். புதரிலும் பனியிலும் அது எங்கே மேய்கிறது என்று காதால் அறிய விரும்பினார் அல்லது மந்தையில் அதற்குத் தனி இடம் இருந்ததைக் காட்ட விரும்பினார். பானை வனைந்த கலைஞர் கண் வைக்கவோ குளம்பு வைக்கவோ பெரிதாக மெனக்கெடவில்லை; விரலால் கிள்ளி ஒட்டியதுபோன்ற உடல்தான். அந்தக் கரடுமுரடான உடலிலும் மணியை மறக்காமல் வைத்திருக்கிறார். அவருக்கு முதன்மையாகத் தோன்றியது விலங்கின் உறுப்புகள் அல்ல, அதற்கும் மனிதருக்கும் இருந்த உறவு. அட்டையில் இதை எழுதினால் போதும் என்று நினைக்கிறேன்.

குந்தாமேடு (உதகை) எழுதியது:

கல்வட்டம் நண்பர் சொல்வதை ஏற்கிறேன். மூடிக்குத் தோடர் நம்பிக்கையைப் பொருத்த வேண்டாம். ஆயினும் எச்சரிக்கை என்ற பெயரில் நாம் வாய்மூடி நின்றுவிடவும் கூடாது. ஈமக் குழிக்குள் வைத்த பானையின் உச்சியில் வளர்ப்பு விலங்கு ஒன்றைத் திரும்பத் திரும்ப வைத்த மக்களுக்கு அந்த விலங்கு செல்வமாக இருந்தது என்பது வெறும் ஊகம் அன்று. ஈமத்தில் எதை உடன் வைக்கிறோம் என்பதை யாரும் விளையாட்டாக முடிவு செய்வதில்லை.

பூம்பாறைக்காரன் (கொடைக்கானல்) எழுதியது:

பழனி மலையிலிருந்து ஒரு கேள்வியும் ஒரு கருத்தும். எங்கள் பக்கம் சாலை எட்டாத ஊர்களுக்கு இன்றும் குதிரைதான் சுமை ஏற்றிச் செல்கிறது. வெள்ளகவி போன்ற ஊர்களுக்கு அரிசியும் எண்ணெயும் ஏறுவதும், அங்கே விளைந்தது இறங்குவதும் குதிரை முதுகில்தான். பூண்டு மூட்டையைச் சுமந்த குதிரையின் முதுகில் சேணத்தடியில் மயிர் தேய்ந்து வழுக்கையாக இருக்கும் இடத்தை நான் சிறு வயதிலிருந்து பார்த்து வருகிறேன். ஆனால் அந்தக் குதிரையை எந்தக் கல்லிலும் எந்தச் சுவரிலும் நான் கண்டதில்லை. மலையடிவாரத்தில் ஐயனாருக்கு மண்ணால் செய்து நிறுத்தும் குதிரையோ சுமையே அறியாதது. பிடரி சிலிர்த்து, மணியும் சலங்கையும் பூண்டு, தெய்வம் ஏறி ஊரைக் காவல் சுற்றுவதற்காக நிற்பது.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவது: உழைக்கும் விலங்கு எல்லாம் கலையில் இடம் பெறுவதில்லை. எந்த உழைப்பை மக்கள் மேன்மையாகக் கருதினார்களோ அந்த உழைப்புக்குரிய விலங்குதான் இடம் பெறுகிறது. தோடருக்குப் பால் வேலை மேன்மையானது. எங்களுக்குச் சுமை வேலை அப்படி இல்லாமற்போனது. அம்மாவின் கண்காட்சியில் வரையப்படாத விலங்குகளைப் பற்றியும் ஒரு வரி இருந்தால் நன்று. என் கேள்வி இதுதான்: தோடர் எருமை இன்று எண்ணிக்கையில் குறைந்துவிட்டது என்கிறார்களே, அப்படியானால் அந்த உருவத்தின் பொருளும் மாறிவிட்டதா?

குந்தாமேடு (உதகை) எழுதியது:

மாறிக்கொண்டிருக்கிறது, நண்பரே. எருமை மேய்ந்த புல்வெளிகளில் சீகை மரமும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நடப்பட்டன. பிறகு உருளைக்கிழங்கும் தேயிலையும் வந்தன. மேய்ச்சல் சுருங்கியதும் மந்தை சுருங்கியது. முன்பு ஒவ்வோர் எருமைக்கும் தனிப்பெயர் உண்டு; அந்தப் பெயர்களை வரிசையாக வைத்துப் பாடும் பாடல்கள் தோடரிடம் நிறைய உண்டு. எமனோ என்ற மொழியறிஞர் 1930களில் அவற்றைத் திரட்டத் தொடங்கினார். பாடலில் ஒரு பெயரைச் சொன்னால் கேட்பவருக்கு ஓர் எருமை கண்முன் வரும். அதன் தாய் எது, எந்த மந்தின் மந்தை என்பதும் தெரியும். இன்று முகப்பில் செதுக்கப்படும் தலை எந்தத் தனி எருமையையும் குறிக்கவில்லை; தாங்கள் யார் என்று பிறருக்குச் சொல்லும் அடையாளமாக ஆகிவருகிறது. வழிபாட்டுப் பொருளிலிருந்து அடையாளப் பொருளுக்கு ஓர் உருவம் நகர்வதை நம் காலத்திலேயே கண்ணால் பார்க்கிறோம். இதை வீழ்ச்சி என்று மட்டும் சொல்ல எனக்கு மனமில்லை. தங்கள் நிலம் பறிபோனதை ஒரு சமூகம் எதைக் கொண்டு நினைவுறுத்துகிறதோ அதற்கும் மதிப்பு உண்டு.

மலைத்தும்பை (கோத்தகிரி) எழுதியது:

அனைவருக்கும் என் உளமார்ந்த நன்றி. முதல் மூன்று படங்களுக்கும் ஒரே பொருளை எழுதும் எண்ணத்தைக் கைவிட்டு, ஒவ்வோர் அட்டையையும் தனித்தனியாக இப்படி எழுதியிருக்கிறேன். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

கோயில் முகப்புக்கு: "இது தோடர் பால்மனையின் முகப்பு. புனித எருமைகளின் பால் இதனுள் கடையப்படுகிறது. எருமை முதலில் வந்தது, மனிதன் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தான் என்பது தோடர் கதை. வாசலில் இருப்பது அந்த எருமையின் தலை."

போர்வைக்கு: "தோடர் பெண்கள் துணியின் இழைகளை எண்ணித் தைத்த பூத்துக்குளியின் ஓரப் பட்டை. இழையெண்ணித் தைப்பதால் வளைந்த வடிவங்களும் கோணங்களாகத் தெரிகின்றன." கொம்பு என்று எழுதுவதற்கு முன், போர்வைக்கு உரிய அம்மாவையே கேட்க மாணவியை அனுப்புகிறேன்.

பானை மூடிக்கு: "நீலகிரிக் கல்வட்டத்தில் கிடைத்த ஈமப் பானையின் மூடி. கழுத்தில் மணி இருப்பதால் இது வளர்ப்பு எருமை. இறந்தவரோடு இதை வைத்தவர்களுக்கு எருமை அருமையான செல்வமாக இருந்தது."

கரிக்கியூர்க் காட்சியை எங்கே வைப்பது என்றுதான் இன்னும் தெரியவில்லை.

கல்வட்டம் (கோவை) எழுதியது:

மூன்றும் நன்று. மூடிக்கான அட்டையில் அது இன்று இருக்கும் இடத்தையும் சேர்த்துவிடுங்கள்; தங்கள் மலையில் செய்த பொருளைப் பார்க்க இலண்டன் வரை போக வேண்டும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

கரிக்கியூர்ப் படத்தை இவற்றோடு சேர்க்க வேண்டாம். அதில் மனிதர் துரத்துவது திமில் உள்ள காளைகளை, எருமையை அல்ல. அங்கே விலங்கும் வேறு, மனிதர் அதனோடு செய்யும் செயலும் வேறு. அடுத்த சுவரில் தனியாக மாட்டி, ஓடும் காளைக்கும் பின்னால் ஓடும் மனிதருக்கும் இடையிலுள்ள தூரத்தை மாணவர்கள் உற்றுப் பார்க்கும்படி ஒரு கேள்வியை மட்டும் அட்டையில் எழுதலாம்: இவர்கள் வேட்டையாடுகிறார்களா, அடக்குகிறார்களா?